கன்னி மூலையில் திறப்பு கூடாது

திங்கள், காலை 6.10
கச்சான் என்கிற மேல்காற்று, மிதம். கடல் அமைதி. திசைவிளக்கு வேலை செய்கிறது. மேடையில் ஆள்: ஒன்று.

எனக்கு அடுத்து இங்கே பணிக்கு வரப்போகிறவருக்கு வணக்கம். நான் ஜெரோம் மச்சாடோ. வயது ஐம்பத்து மூன்று, கடலியலில் முனைவர் பட்டம், முன்வழுக்கை. இவ்வளவும் சம்பாதித்துவிட்டுத் தூத்துக்குடிக் கரையிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, கடலுக்குள் நிற்கும் இரும்பு மேடையில் ஒரு விளக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். இனி நீங்கள் துடைப்பீர்கள்.

வேலை எளிது. கரையில் எழும்பியிருக்கும் பன்னிரண்டு கோபுரங்களும் சிப்பிக்கல்லால் ஆனவை. சிமெண்டு இல்லை, செங்கல் இல்லை. கடல்தண்ணீரில் உள்ள சுண்ணாம்பை உறிஞ்சி, சிப்பி ஓடு கட்டுவதுபோலத் தானே அடுக்கடுக்காக வளரும் கல். எங்கே வளர வேண்டும் என்று அதற்குச் சொல்வது ஒரு கணினி. கம்பெனி வைத்த பெயர் வாயில் நுழையாது. நாங்கள் கொத்தனார் என்போம். கொத்தனாருக்குச் சித்தாட்களாக ஆயிரக்கணக்கான இயந்திர நண்டுகள். அந்தக் கொத்தனாருக்கு வடக்கு எது என்று சொல்வது நம் திசைவிளக்கு. கோபுர உச்சிகளில் செயற்கைக்கோளைக் கேட்கும் ஏரியல்கள் இருந்தன. கல் வளர்ந்து அவற்றை மூடிவிட்டது. புகார் கொடுத்தேன், பதில் இல்லை. நீங்களும் கொடுத்துப் பாருங்கள்.

விளக்கைத் திருப்பும் சக்கரம் நம் அறைக்கு வெளியே, விளக்குக் கம்பத்தின் அடியில் இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். கடற்காகத்தின் எச்சத்தை மட்டும் துடையுங்கள். மேடையின் கால்களுக்கும் துருப்பிடிக்காமல் இருக்கச் சிப்பிக்கல் பூசியிருக்கிறார்கள். அதையும் சுரண்டாதீர்கள்.

கரையைப் பார்ப்பதுதான் இங்கே பொழுதுபோக்கு. நான் சிறுவனாக இருந்தபோது கடலிலிருந்து பார்த்தால் மாதா கோவில் கோபுரம், அனல்மின் புகைபோக்கி, வெள்ளை வெள்ளையாய் உப்பு அம்பாரம், அவ்வளவுதான். இப்போது யாரோ ஊருக்குப் பல்செட் கட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. பளபளவென்று இருக்கிறது, சிரிக்கவும் தெரிகிறது. ஆனால் ஊரின் முகம் இல்லை.


திங்கள், மாலை 5.30
காற்று அதே. மேடையில் ஆள்: ஒன்று, பசியோடு.

இன்று முதல் கோபுரத்துக்குப் புதுமனைப் புகுவிழா. மற்றப் பதினொன்றும் இன்னும் காலி. முந்நூறு குடும்பங்கள் ஒரே நாளில் குடியேறின. அதில் என் குடும்பமும் ஒன்று. என் குடும்பம் என்றால் என் மனைவி கிளாடிஸ். குடியிருப்போர் சங்கச் செயலாளரும் அவள்தான்; கட்டடத்துக்கு அடித்தளம் போடுவதற்கு முன்பே சங்கத்தைப் போட்டுவிட்டாள்.

பதிவான அழைப்பு, கிளாடிஸ்: "ஏங்க, பால் பொங்கிட்டு! கிழக்க பாத்துப் பொங்கிச்சு. மாதா கோவில் சாமியார் வந்து வீடு மந்திரிச்சாரு, வாஸ்துக்காரர் வந்து வாசல்ல எலுமிச்சம்பழம் வச்சாரு. ரெண்டு பேரும் ஒரே சோபால உக்காந்து பாயசம் குடிச்சாவ. குடும்பத் தலைவர்னு ஒங்க பேரத்தான் குடுத்திருக்கேன். பேருக்காவது இருங்க."

ஞாயிறு பூசைக்கு முதல் பெஞ்சில் உட்காருகிறவள்தான். ஆனால் வீடு என்று வந்துவிட்டால் எங்கள் தெருவில் எல்லாருக்கும் வாஸ்து வந்துவிடும். முதல் கோபுரம் மொத்த மனைக்கும் தென்மேற்கு, அதாவது கன்னி மூலை. வீட்டுத் தலைவர் இருக்க வேண்டிய இடமாம். வீட்டுத் தலைவராகிய நான் மனையின் வடகிழக்கு எல்லையில், ஈசானிய மூலையில், கடலுக்கு நடுவே பன்னு தின்றுகொண்டிருக்கிறேன்.

ஆமாம், இதையும் எழுதிவைக்கிறேன். கம்பெனி முதலாளிக்கு முன்பு கட்டிய கட்டடம் ராசியில்லாமல் போனதாம். அதனால் இந்த முறை வாஸ்துக்காரர் சொன்னதையெல்லாம் அழிக்க முடியாத விதிகளாகக் கொத்தனாருக்குள் ஏற்றிவிட்டார்கள். பன்னிரண்டு கோபுரமும் ஒரே மனை. கன்னி மூலை கனமாக, உயரமாக இருக்க வேண்டும். அங்கே பள்ளமோ திறப்போ கூடாது. ஈசானியம் தாழ்வாக, லேசாக, திறப்பாக, தண்ணீரோடு இருக்க வேண்டும். ஏற்றிய அன்று நண்டுகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துப் பூசை நடந்தது. நானும் சுண்டல் சாப்பிட்டேன். நல்ல சுண்டல்.


செவ்வாய், காலை 9.00
காற்று மிதம். மேடையில் ஆள்: ஒன்று.

முதல் கோபுரம் எண்பது மாடி. நேற்றோடு வேலை முடிந்தது. இன்று காலை தொலைநோக்கியில் எண்ணினேன். எண்பதுக்கு மேலும் இருக்கிறது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு எண்ணினேன். அப்போதும் இருந்தது. மொட்டை மாடி இருந்த இடத்தில் இன்னொரு மாடி, அதற்கு மேல் இன்னொன்று. இரண்டிலும் ஒரு ஜன்னல்கூட இல்லை.

கரையில் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் பொறியாளர் இசக்கித்துரையைக் கூப்பிட்டேன். நல்ல பையன், நாற்பது வயதுப் பையன்.

இசக்கித்துரை: "அண்ணாச்சி, நானும் பாத்தேன். கன்னி மூலை உசரமா இருக்கணும்னு எழுதுனவன் எவ்வளவு உசரம்னு எழுதாம விட்டுட்டான். கட்டி முடிக்கிற வரைக்கும் கொத்தனாரு வரைபடத்தைப் பாத்துச்சு. நேத்து பால் காய்ச்சினதும் குடியேறின வீடுன்னு கணக்கு வச்சிருச்சு. இனி வரைபடம் கெடையாது, விதி மட்டும்தான்."

சிரித்தோம். உண்மையிலேயே சிரித்தோம்.


புதன், காலை 7.20
கடலில் லேசான கலக்கம். மேடையில் ஆள்: ஒன்று. படகு: இல்லை.

படகைக் காணோம்.

கயிறு அறுபடவில்லை. முடிச்சு அவிழ்க்கப்பட்டிருக்கிறது. என் முடிச்சை நானே அவிழ்க்கப் பத்து நிமிஷம் ஆகும். மேடையின் ஏணியில் ஈரமான கீறல்கள். நண்டுகள்.

கொத்தனாரிடமிருந்து செய்தி: "ஈசானியத்தில் பாரம் இருந்தது. குறைக்கப்பட்டது."

படகு வேண்டும் என்று பதில் அனுப்பினேன். அவசரம் என்றும் சேர்த்தேன். "மனையின் நன்மைக்காக" என்று வந்தது. அரசு அலுவலகத்தில்கூட இவ்வளவு மரியாதையாகத் துரத்தமாட்டார்கள்.

கிளாடிஸ்: "ஏங்க, பால்கனி கதவு தெறக்க மாட்டேங்கு. ஓரமெல்லாம் முத்து மாதிரி வெள்ளையா என்னமோ படிஞ்சிருக்கு. பக்கத்து வீட்டுலயும் அப்படித்தானாம். சங்கத்துல புகார் எழுதிக்கிட்டிருக்கேன்."

நான்: "புகார் அப்புறம். நீ கீழ இறங்கி ஒங்க அக்கா வீட்டுக்குப் போ."

கிளாடிஸ்: "செயலாளரே ஓடிப்போனா சங்கம் என்னத்துக்கு? நீங்க சும்மா பயங்காட்டாதீங்க."

முப்பது வருஷமாக எதையும் கேலியாகவே சொல்லிப் பழக்கிவிட்டேன். நிஜமாகப் பயந்து சொல்லும்போது அவளுக்குக் குரல் வித்தியாசம் தெரியவில்லை.


புதன், பிற்பகல் 3.45

நண்டுகள் மறுபடி வந்தன. பட்டப்பகலில், வரிசையாக. குங்குமப்பொட்டு இன்னும் சிலவற்றில் இருக்கிறது. குடிதண்ணீர்த் தொட்டியைக் கழற்றின. டீசல் இயந்திரத்தைக் கழற்றின. கட்டில், மேஜை, பன்னுப் பெட்டி. ஒரு சத்தமில்லை, ஒரு மோதல் இல்லை. கல்யாண வீட்டில் பந்தி முடிந்து இலை எடுக்கிற மாதிரி எடுத்துக்கொண்டு போய்விட்டன. மின்கலத்தை மட்டும் விட்டன. திசைவிளக்கு அதில்தான் எரிகிறது.

கடைசியாக ஒரு நண்டு என் முன்னால் நின்றது. கொடுக்கை என் இடுப்பைச் சுற்றிப் போட்டது. தூக்கவில்லை. லேசாக உயர்த்தி, இறக்கியது. காய்கறிக்கடையில் பூசணிக்காயைப் பார்ப்பார்களே, அப்படி.

கொத்தனார்: "ஈசானியத்தில் பாரம்: 91 கிலோ. அடையாளம்: வீட்டுத் தலைவர். வீட்டுத் தலைவர் கன்னி மூலையில் இருக்க வேண்டும். குறை. சரிசெய்யப்படும்."

கிளாடிஸிடம் எண்பத்து நாலு என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

மேஜை போய்விட்டது; மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் மன்னியுங்கள்.


வியாழன், காலை 6.40
காற்று கூடியிருக்கிறது. குடிக்கத் தண்ணீர் அரைப் புட்டி.

கோபுரத்தின் நிறம் மாறிவிட்டது. நேற்றுவரை வெயில் பட்டால் ஆயிரம் கண்ணாடி மின்னும். இன்று ஒன்றுகூட மின்னவில்லை. அடியிலிருந்து உச்சிவரை ஒரே வெள்ளை. ஜன்னல்கள் இருந்த இடத்தில் புடைப்பு மட்டும் தெரிகிறது, மூடிய கண் இமை மாதிரி.

இசக்கித்துரை: "அண்ணாச்சி, ராத்திரியோட வாசல் மூடிட்டு. கடப்பாரை போட்டோம். போட்ட எடத்துல ரெண்டு மடங்கு தடிப்பா வளருது. நிறுத்துற பொத்தான் முதல் கோபுரத்து அடித்தளத்துல இருக்கு. அடித்தள வாசல்தான் மொதல்ல மூடினது."

நான்: "காத்து?"

இசக்கித்துரை: "காத்துக் குழாயும் திறப்புதானே அண்ணாச்சி. ஒவ்வொண்ணா மூடிக்கிட்டு வருது. உள்ள இருக்கிறவங்களுக்கு சாயங்காலம் வரைக்கும் தாங்கும்னு சொல்லுதாவ. அதுக்கு மேல யாரும் சொல்லல."

கிளாடிஸ்: "ஏங்க... இங்கன ஒரே புழுக்கமா கெடக்கு. எல்லாரையும் தரைத்தளத்துக்கு இறக்கிட்டேன். மாடிப்படிலயும் ஆளுதான். புள்ளைங்கள நடுவுல உக்கார வச்சிருக்கோம். ஜெபமாலை சொல்லுதோம், அந்தப் பக்கம் கந்த சஷ்டி சொல்லுதாவ. வாஸ்துக்காரரும் மாட்டிக்கிட்டாரு. மூலைல உக்காந்து அழுதுகிட்டு இருக்காரு. நான் ஒண்ணும் திட்டல." அப்புறம் குரலைத் தாழ்த்தி: "நீங்க நேத்து நெசமாத்தான் சொன்னீங்களா?"

நெசமாத்தான் சொன்னேன் என்றேன்.

கிளாடிஸ்: "அப்ப இப்பயும் நெசமா எதாச்சும் செய்யுங்க."


வியாழன், காலை 7.30

யோசித்தது வரிசையாக இங்கே இருக்கட்டும். தவறாகப் போனால் எங்கே தவறியது என்று யாராவது பார்க்கலாம்.

கொத்தனாரின் விதியை மாற்ற முடியாது. ஆனால் கன்னி மூலை எது என்று அதற்குத் தெரியாது. நான் சொல்வதுதான் அதற்குத் தெரியும்.

விளக்கை அணைத்தால் கடைசியாகக் கேட்ட திசையையே பிடித்துக்கொள்ளும். பயனில்லை. கால் வட்டம் வலப்பக்கம் திருப்பினால் முதல் கோபுரம் அக்கினி மூலையாகும். அங்கே நெருப்பு இருக்க வேண்டும் என்று விதி. வேண்டாம். இடப்பக்கம் திருப்பினால் வாயு மூலை. அங்கே நிலையில்லாமல் அசைந்தால் நல்லதாம். எண்பது மாடி அசைந்தால் நல்லது என்று எழுதிக்கொடுத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. வேண்டாம்.

அரை வட்டம் திருப்பினால் முதல் கோபுரம் ஈசானியம் ஆகும். திறப்பாக இருக்க வேண்டும். லேசாக இருக்க வேண்டும். கதவு, ஜன்னல், எல்லாம் திறக்கும். பிறகு கோபுரம் தாழும், தண்ணீர் வரும். அதற்குள் எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும்.

அரை வட்டத்தில் கன்னி மூலை எங்கே வரும் என்று கேட்கிறீர்களா? இதை எழுதிக்கொண்டிருக்கும் இடத்தில்.

இசக்கித்துரையிடம் சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னான். பிறகு: "எல்லாரும் வெளிய வந்ததும் சொல்லுதேன். உடனே பழையபடி திருப்பிருங்க அண்ணாச்சி. ஒரு நிமிசம் தாமதிக்காதீங்க."

சரி என்றேன். கிளாடிஸிடம் இந்தப் பகுதியைச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன்.


வியாழன், காலை 8.05

திருப்பிவிட்டேன். சக்கரம் இறுகியிருந்தது. இரண்டு கையாலும் தொங்கினேன். தொண்ணூற்றொரு கிலோ முதன்முறையாக ஒரு காரியத்துக்கு உதவியது.

கரையில் எந்த மாற்றமும் இல்லை.

இன்னும் இல்லை.

சக்கரத்தை விட்டு நகரவில்லை. தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.


வியாழன், காலை 8.50

மின்னியது. நடுவில் ஒரு ஜன்னல், அப்புறம் பக்கத்தில் ஒன்று, அப்புறம் எண்ண முடியவில்லை. வெள்ளைத் தோல் உரிந்து உரிந்து கடலில் விழுகிறது.

இசக்கித்துரை: "தெறந்துட்டு அண்ணாச்சி! வாசல் தெறந்துட்டு! சனங்க ஓடி வாராவ. நண்டும் சாமானத் தூக்கிட்டு வருது. பிரிட்ஜு, பீரோ, சோபா எல்லாம் பீச் ரோட்டுக்கு வந்துட்டு. சங்கத் தலைவர் நடக்க முடியாம நின்னாரு, அவரையும் பாரம்னு தூக்கிட்டு வந்து பஸ் ஸ்டாப்புல வச்சிட்டுப் போயிட்டு!"

சிரித்தேன். சத்தமாக. கடலில் யாரும் இல்லை என்ற தைரியத்தில் அழவும் செய்தேன்.

மேடை கொஞ்சம் உயர்ந்த மாதிரி இருக்கிறது.


வியாழன், காலை 9.25

உயர்ந்திருக்கிறது. கால்களில் பூசிய கல் தடித்து மேலே வந்துவிட்டது. ஏணியின் கீழ்ப்படிகள் கல்லுக்குள்.

நண்டுகள் திரும்பி வருகின்றன. எடுத்துப் போனதையெல்லாம் கொண்டுவருகின்றன. தொட்டி, டீசல் இயந்திரம், கட்டில். படகும் வந்தது. குதித்து ஏறப் போனேன். அதை என் கைக்கு எட்டாமல் அறையின் கூரைமேல் கவிழ்த்து வைத்து, சுற்றிலும் கல் பூசிவிட்டன. கன்னி மூலைக்குப் பாரம் வேண்டுமாம்.

இசக்கி, எவ்வளவு பேர் பாக்கி என்று கேட்டேன்.

இசக்கித்துரை: "மேல்மாடில இன்னும் கொஞ்சம் பேர். படில இறங்கிக்கிட்டு இருக்காவ. அடித்தளம் முங்கிட்டு, பொத்தான்கிட்ட போக வழியில்ல; தரைத்தளத்துல முழங்கால் அளவு தண்ணி. அக்கா வாசல்ல நின்னு பேர் சொல்லிச் சொல்லி வெளிய அனுப்பிக்கிட்டு இருக்காவ. வாங்கக்கான்னா வர மாட்டேங்காவ."

வரமாட்டாள். செயலாளர் அல்லவா. இப்போது திருப்பினால் அந்த வாசல் அவள்மேல் மூடும். கையைச் சக்கரத்திலிருந்து எடுத்துவிட்டேன். கை தானாகத் திருப்பிவிடுமோ என்று பயமாக இருந்தது.


வியாழன், 10 மணி இருக்கும்

நான் இப்போது அறைக்குள் இருக்கிறேன். நானாக வரவில்லை.

சக்கரத்தருகே நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து கொடுக்கு வந்தது. வலிக்கவில்லை. குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோலக் கொண்டுவந்து கட்டிலில் போட்டுவிட்டுப் போனது. தென்மேற்கு மூலையில் கட்டில், தெற்கே தலை. அதன் கணக்கில் தெற்கு. எல்லாம் முறைப்படி.

எழுந்து ஓடினேன். கதவு பாதிதான் திறந்தது. இடைவெளியில் தோளை நுழைத்தேன். தோள் போனது, வயிறு போகவில்லை. ஐம்பத்து மூன்று வருஷத்துப் பரோட்டா.

கல் தொடுவதற்குச் சூடாக இருக்கிறது. இதை எதிர்பார்க்கவில்லை. வளரும்போது உடம்பு மாதிரிச் சுடும் போலிருக்கிறது. ஆய்வுக் குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.


வியாழன்

கதவு இல்லை. ஜன்னல் ஒன்று, என் முகம் அளவு. அதில் கரை தெரிகிறது. முதல் கோபுரம் குனிந்துகொண்டிருக்கிறது. ஐஸ்கிரீம் மாதிரி, அவசரமில்லாமல். மற்றப் பதினொன்றும் அப்படியே.

வானொலி கரகரக்கிறது. ஏரியல்மேலும் கல்.

இசக்கித்துரை: "...எல்லாரும் வெளிய வந்தாச்சு! அண்ணாச்சி, திருப்புங்க! இப்பமே திருப்புங்க!"

நான்: "சக்கரம் வெளிய இருக்குடா. நான் உள்ள இருக்கேன்."

கேட்டானா தெரியவில்லை. பிறகு அவள் குரல்.

கிளாடிஸ்: "...ஏங்க, நான் ரோட்டுக்கு வந்துட்டேன். கடைசி ஆளா வந்தேன். நீங்க எங்க... இவன் என்னமோ சொல்லுதான், அழுதான்... ஜெரோம்? படகு எடுத்துட்டு வாராவ. நம்ம தெரு மீன்கார சூசையோட படகு. இருங்க. அங்கனயே இருங்க, கேட்டீங்களா..."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதன்முறையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். அங்கேயே இருங்க என்கிறாள்.

இருக்கிறேன்.


மணி தெரியவில்லை

ஜன்னல் கை அளவு. வெளியே வெயில். தண்ணீர்ப் பக்கம் படகுச் சத்தம் மாதிரி. நண்டாகவும் இருக்கலாம். கடப்பாரை போட்டால் இரண்டு மடங்கு வளரும் என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். முதலில் சக்கரத்தைத் தேடச் சொல்லுங்கள். கம்பத்தின் அடியில். அரை வட்டம். எந்தப் பக்கம் என்றாலும் சரி.

கல்லை உடைத்து இதை எடுத்தவரே, அடுத்த பணியாளர் என்று நினைத்து ஆரம்பித்தேன். எச்சம் துடைக்கச் சொன்னேன். மறந்துவிடுங்கள். கிளாடிஸிடம் தொண்ணூற்றொன்று என்று சொல்ல வேண்டாம்.

ஜன்னல் விரல் அளவு

வெளிச்சம் வரும் இடத்தில் வாயை வைத்திருக்கிறேன். எழுத முடியவி


தானியங்கிப் பதிவு. அனுப்பியவர்: கொத்தனார்.
கன்னி மூலை: கனம் போதுமானது. உயரம் போதுமானதல்ல, வளர்கிறது. வீட்டுத் தலைவர் தம் இடத்தில் இருக்கிறார். அருகில் ஒரு படகு வந்துள்ளது. பாரம் சேர்க்கப்படுகிறது. திறப்பு: இல்லை.
மனைக்குக் குறை ஒன்றும் இல்லை.